சின்னவளுக்கு ஒரு தனி அட்டை

நான் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். மலைக்கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு சின்ன அச்சகம். புரூஃப் படிப்பது, வெட்டி வரும் அட்டைகளை நூறு நூறாகக் கட்டுவது, "மாப்பிள்ளையோட படிப்பு விட்டுப்போச்சு" என்று யாராவது வந்து குதித்தால் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது, எல்லாம் என் தலையில். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் பாலம் தாண்டி வருகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அட்டையை வெட்டும்போது ஓரத்தில் துண்டு விழும். எல்லாம் நல்ல கனமான அட்டை. சந்தன நிறம், குங்கும நிறம், லேசாகத் தங்கம் மின்னுவது. முதலாளி அதை எடைக்குப் போட்டுவிடுவார். அதற்கு முன்னால் எனக்கு வேண்டியதைப் பொறுக்கிப் பையில் வைத்துக்கொள்வேன். "வீட்டுல பத்திரிகைக் கடை வைக்கப் போறியாம்மா?" என்பார். "ஆமாங்க, எதிர்த்த மாடியிலேயே, உங்களுக்குப் போட்டியா" என்பேன்.

இப்படித்தான் எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன விசேஷமென்றாலும் என் கையால் செய்த வாழ்த்து அட்டை ஒன்று போக வேண்டும் என்று ஆகிவிட்டது. தம்பி புத்தூரில் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது ஒன்று. என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஒன்று. கடையில் விற்கிற அட்டையில் எவனோ ஒருவன் யாருக்கோ எழுதிய வாழ்த்து இருக்கும். என் தம்பி பெண்டாட்டிக்கு முழங்கால் வலி என்று அவனுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். "இந்த வருஷமாவது மாடிப்படி ஏறுறதைக் குறைச்சுக்கோ தாயே" என்று அவள் பிறந்தநாள் அட்டையில் எழுதினேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குக் கவிதையெல்லாம் வராது. வாய் மட்டும்தான் வரும்.

தம்பிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து, ஒரு மாசி மாதத்தில், இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. முதலில் வந்தவள் பெரியவள். நான்கு நிமிஷம் கழித்து வந்தவள் சின்னவள். வீட்டில் அதுவே கூப்பிடு பெயராகவும் நின்றுவிட்டது. அந்த நான்கு நிமிஷ மூப்பை வைத்துக்கொண்டு பெரியவள் பண்ணிய அதிகாரம் இருக்கிறதே, அப்பப்பா! முதலில் குளிப்பது அவள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். தோசையில் முறுகலான ஓரத்தைப் பிய்த்துக்கொள்வது அவள். "இது அத்தை ரத்தம்" என்று என் தம்பி என்னைப் பார்த்தே சொல்வான். சின்னவள் அதிகம் பேச மாட்டாள். அக்காள் பின்னாலேயே வருவாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு.

அவர்களுடைய முதல் பிறந்தநாளுக்கு நான் செய்தது ரெட்டைக் கதவு அட்டை. நீளமான ஒரே அட்டையை இரண்டு ஓரத்திலிருந்தும் உள்பக்கம் மடித்தால், சாமி அறைக் கதவு மாதிரி இரண்டு கதவுகள் நடுவில் வந்து சேரும். வலது கதவைத் திறந்தால் பெரியவள் பெயர், இடது கதவைத் திறந்தால் சின்னவள் பெயர், நடுவில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு படம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுப்பேன். "என்ன அண்ணி, ரெண்டுத்துக்கும் இப்பவே கல்யாணப் பத்திரிகையா?" என்று தம்பி பெண்டாட்டி கேலி செய்வாள்.

ஒன்பது பிறந்தநாளுக்கும் அதே அட்டைதான். ஒரு வருஷம் யானை, ஒரு வருஷம் ராட்டினம் என்று படம் மாறும். கதவு மாறாது. விவரம் தெரிந்த வயதிலிருந்து ஆளுக்கொரு கதவைப் பிடித்து இழுப்பார்கள். மடிப்பு கிழிந்துவிடும். அதற்காகவே நான் செல்லோடேப்பும் கையுமாகத்தான் போவேன். ஒட்டிக்கொண்டே இரண்டு பேரையும் திட்டுவேன். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. ஒரே அட்டையில் இரண்டு பேரை வைத்துவிட்டேனாம். பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

போன ஐப்பசி மழையில் இரண்டு குழந்தைகளுக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. சின்னவளுக்கு நாலாம் நாள் விட்டுவிட்டது. பெரியவளுக்கு விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தோம். அங்கே யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பார்த்தார்கள். ஏழாம் நாள் காலையில் பெரியவள் போய்விட்டாள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. இரண்டு பேருக்கும் எடுத்து வைத்திருந்த பட்டுப் பாவாடைகள் பிரிக்காமல் பீரோவிலேயே இருந்தன. பொங்கல் வந்தது. தம்பி வீட்டில் பானை வைக்கவில்லை, வாசலில் கோலம் போடவில்லை. துக்க வீட்டுக்கு ஒரு வருஷம் வாழ்த்து போகாது. எங்கள் பக்கத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, தானாகத் தெரியும். விடிந்தால் எல்லோருக்கும் பூப்படம் அனுப்புகிற சொந்தக்காரர்கள்கூட அந்தத் தையில் தம்பியின் போனுக்கு ஒன்றும் அனுப்பவில்லை. நான் குற்றம் சொல்லவில்லை. அது ஒரு மரியாதை.

மாசி பிறந்ததும் தம்பி போன் பண்ணினான்.

"அக்கா, இந்த வருஷம் ஒண்ணும் வேணாம்க்கா" என்றான்.

எதைச் சொல்கிறான் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "எனக்குத் தெரியாதாடா? அவ்வளவு விவரம் கெட்டவளா நான்?" என்று சுள்ளென்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு எனக்கு என்னவோ பெரிய நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் தை கடைசியிலேயே நான் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். கை பழக்கத்தில் இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்தது. இடது கதவில் சின்னவள் பெயரை எழுதினேன். வலது கதவைத் திறந்து பேனாவை வைத்தவள் அப்படியே இருந்தேன். சரி, இந்தக் கதவை வெட்டி எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். ஐயோ, அதை நானா வெட்டுவேன்? கையே வரவில்லை. எல்லாவற்றையும் வாரி டப்பாவில் போட்டு மூடிப் பரண்மேல் ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் தம்பி போன் பண்ணினான். ஆகவே முறை, வழக்கம் என்று நான் சொல்லிக்கொண்டதெல்லாம் வெறும் சாக்கு.

பிறந்தநாள் அன்று வழக்கம்போல வேலைக்குப் போனேன். முகூர்த்த மாதம், தலைக்கு மேல் வேலை. மூன்று கல்யாணம், ஒரு காதுகுத்து புரூஃப் படித்தேன். சாயங்காலம் புத்தூருக்குப் போகவில்லை. போனும் பண்ணவில்லை. அன்றைக்குச் சின்னவளுக்குப் பத்து வயது முடிந்தது.

பத்து நாள் கழித்துத் தம்பி பெண்டாட்டி மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டாள்.

"அண்ணி, உங்க தம்பி சொல்ல வேணாம்னாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. சின்னவ பொறந்தநாள் அன்னிக்கு ஸ்கூல் விட்டு வந்ததுலேருந்து கேட் சத்தம் கேட்டா எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ப் பார்த்தா. இருட்டுற வரைக்கும் பார்த்தா. அப்புறம் வந்து, 'அத்தை வரல, நல்லதுதான்'னா. அவ்வளவுதான் சொன்னா. பெரியவ போனதுலேருந்தே சரியாச் சாப்பிட மாட்டேங்கிறா."

'நல்லதுதான்' என்றாளாமே. ஒன்பது வருஷம் வந்த அத்தை பத்தாவது வருஷம் வரவில்லை. அக்காள் செத்தால் தனக்குப் பிறந்தநாளும் செத்ததா என்று அந்தக் குழந்தைக்கு ரோஷம் வந்துவிட்டது, வராமல் இருக்குமா, என்று நான் நினைத்துக்கொண்டேன். டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் என்னைப் போல வளவளவென்று பேசுகிறவர் இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"கட்டிக்குடுத்த பொண்ணு நீ. உனக்குத் தீட்டு மூணே நாள்தான். நாலாம் நாள்லேருந்து ஊர்ல இருக்கிற கல்யாணப் பத்திரிகை எல்லாத்தையும் தொட்டுக் கட்டிக்கிட்டு இருக்க. அந்தப் புள்ளைக்கு மட்டும் உனக்கு என்ன தீட்டு வந்துச்சு?"

நறுக்கென்று இருந்தது. முப்பது வருஷத்தில் அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அன்று திட்டியதும் சரிதான். அவரையே ஸ்டூல் போட்டு ஏறச் சொல்லி டப்பாவை இறக்கினேன்.

சனிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ரெட்டைக் கதவைத் தொடவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். சாதாரணமாக ஒரு மடிப்பு போதும். சின்னவளுக்கு டவுன் பஸ் என்றால் உயிர். அதனால் சிவப்புத் துண்டில் ஒரு பஸ் வெட்டி ஒட்டினேன். கறுப்பு அட்டையில் சக்கரம். ஒரே ஒரு ஜன்னலை மட்டும் பிளேடால் கீறித் திறக்கிற மாதிரி செய்தேன். திறந்தால் அவள் பெயர். உள்ளே என்ன எழுதுவது என்றுதான் ரொம்ப நேரம் தெரியவில்லை. கடைசியில், "அத்தை லேட். பஸ் கிடைக்கலன்னு நினைச்சுக்கோ. பத்து வயசுப் பெரிய மனுஷிக்கு அத்தையோட முத்தம்" என்று எழுதினேன். நாலு மூலையிலும் மஞ்சள் தடவினேன். தடவலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புத்தூர் போனேன். தம்பிதான் கதவைத் திறந்தான். என் கையிலிருந்த கவரைப் பார்த்தான். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு வழிவிட்டான். அவன் பெண்டாட்டி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். "உள்ளதான் இருக்கா, போங்க அண்ணி" என்றாள்.

அறையில் இரண்டு கட்டில்கள் சேர்த்துப் போட்டபடியே இருந்தன. சின்னவள் சுவர் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவினேன்.

"பொறந்தநாள் போயிருச்சேன்னு பார்க்காத கண்ணு. உங்க அத்தைக்குப் புத்தி எப்பவும் ரெண்டு ஸ்டாப் தள்ளித்தான் இறங்கும். இந்தா."

கவரை வாங்கிக்கொண்டாள். அட்டையை உருவினாள். பஸ்ஸைப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்தாள். தன் பெயரைப் பார்த்தாள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"ஒரு பேருதான் இருக்கு" என்றாள்.

"ஆமாண்டி தங்கம். இது உனக்கே உனக்கு. உனக்குன்னு அத்தை தனியாச் செஞ்சது."

சுட்டது போல அட்டையைக் கட்டிலில் போட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம் அத்தை. எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏண்டி, கோவமா? அத்தை வரலைன்னு கோவமா? ரெண்டு அடி வேணா அடிச்சிக்கோ."

"கோவம் இல்ல."

"பின்ன என்ன?"

கதவுப் பக்கம் பார்த்தாள். சமையலறையில் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அம்மாகிட்டச் சொல்லக் கூடாது" என்றாள்.

"சொல்லல."

"சத்தியமா?"

"சத்தியமா." (அம்மாவிடம் பின்னால் அவளேதான் சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.)

தலையைக் குனிந்துகொண்டு, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்.

"போன பொறந்தநாளைக்கு அவ இழுத்து இழுத்து என் பக்கம் கிழிஞ்சிருச்சுல்ல. அன்னிக்கு நான் தெருமுனைப் பிள்ளையார்கிட்டப் போயிக் கேட்டேன். அடுத்த வருஷம் எனக்கு மட்டும் தனியா ஒரு கார்டு வரணும், அவ அதுல இருக்கவே கூடாதுன்னு. பதினோரு தோப்புக்கரணம் போட்டேன்."

கட்டிலில் கிடந்த அட்டையைக் கண்ணால் காட்டினாள்.

"கார்டு வரல. அதனால சாமி நான் சொன்னதைக் கேக்கலன்னு நெனச்சேன். அப்ப என்னால இல்லன்னு நெனச்சேன். இப்ப வந்துருச்சே அத்தை."

அடி ஆத்தி. இந்தக் குழந்தை பிறந்தநாள் அன்று கேட் சத்தத்துக்கு எழுந்து எழுந்து போனது எனக்காக ஏங்கி அல்ல. நான் வந்துவிடக் கூடாதே என்று பயந்து. ஐப்பசியிலிருந்து மாசி வரை, இத்தனை பெரியவர்கள் இருக்கிற வீட்டில், அக்காளைக் கொன்றது தான்தான் என்ற நினைப்போடு அது தனியாக இருந்திருக்கிறது. நான் வராமல் இருந்த பத்துப் பதினைந்து நாள்தான் அதற்குக் கொஞ்சம் ஆறுதல். அதையும் பஸ் ஏறி வந்து நானே பிடுங்கிக்கொண்டேன்.

என் வாய்க்குத் தெருவில் பெயர் உண்டு. கடன்காரன் வந்தாலும் கல்யாணத் தரகர் வந்தாலும் ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுப்பேன். அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. சாமி அப்படியெல்லாம் செய்யாதுடி என்று சொல்லலாம். அதை ஊரே சொல்லும், பத்து வயதுக் குழந்தை நம்பாது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காளை அப்படித்தான் பார்ப்பாள், அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு வாய் திறந்தது.

"அட போடி இவளே! நீ சாமிகிட்டப் போய்க் கேட்ட. அவ நேரா என்கிட்டயே கேட்டுட்டா."

"என்ன கேட்டா?"

"'அத்தை, அடுத்த வருஷம் எனக்குத் தனியாச் செஞ்சு குடுத்துருங்க, இவ இழுத்துக் கிழிச்சிடுறா, இவளோட என்னால முடியல'ன்னா. இடுப்புல கை வச்சிக்கிட்டு. அவ என்னிக்குக் கெஞ்சியிருக்கா?"

சின்னவள் கை தொடைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது.

"நானா கிழிச்சேன்? அவதான் கிழிச்சா!"

"அதை நீ அவகிட்டயில்ல கேக்கணும். சரிடி, ரெண்டு பேருக்கும் தனித்தனியாச் செய்யறேன்னு நான் அன்னிக்கே சொல்லிட்டேன். பிள்ளையாருக்கு இதுல ஒரு வேலையும் இல்ல. இது உங்க அக்கா சொல்லி அத்தை செஞ்சது."

"நெஜமாவா?"

"நெஜமா."

பொய். பெரியவள் என்னிடம் அப்படி எதுவும் கேட்டதே இல்லை. அந்த ரெட்டைக் கதவு பிடித்திருக்கிறதா என்று இரண்டு பேரில் ஒருத்தியிடமாவது நான் ஒரு தடவை கேட்டிருந்தால், பெரியவள் தனி அட்டை கேட்டிருப்பாள், இதைவிடச் சத்தமாகவே கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. செத்துப்போன குழந்தையின் வாயில் நான் வைத்த வார்த்தை அது. எனக்கு அதில் இன்றுவரை வருத்தம் கிடையாது. அதற்குத் தண்டனை உண்டென்றால் என் தலைமேல் வரட்டும்.

சின்னவள் அழ ஆரம்பித்தாள். முதலில் மூக்கு விடைத்தது, பிறகு தோள் குலுங்கியது, பிறகு வீடு அதிருகிற மாதிரி ஓவென்று அழுதாள். அவள் அம்மா பதறிப்போய்க் கதவருகே வந்து நின்றாள். நான் கையைக் காட்டி நிற்கச் சொன்னேன். அழட்டும் என்று விட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. என் புடவைத் தலைப்பு நனைந்துவிட்டது.

அழுகை நின்றதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அட்டையை எடுத்தாள். பஸ் ஜன்னலைத் திறந்து மூடினாள். உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

"அவளும் கேட்டான்னீங்களே, அப்ப அவளோடது எங்க?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

"இன்னும் செய்யலைடி" என்றேன்.

"சொல்லிட்டுச் செய்யாம இருந்தா திட்டுவால்ல?"

"திட்டுவாதான்."

எழுந்து போய் மேஜை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலையும் கலர் பென்சில்களையும் எடுத்து வந்தாள். நான் என் பையைத் துழாவினேன். அடியில் சந்தன நிறத்தில் ஒரு துண்டு கிடந்தது. மடித்துக் கொடுத்தேன். கட்டிலில் கவிழ்ந்து படுத்துக்கொண்டு, அக்காள் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில், ஓரம் முட்டுகிற அளவுக்கு எழுதினாள். எழுதி முடித்துவிட்டுப் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் திரும்பினாள்.

"அத்தை, எத்தனை வயசுன்னு போடறது? அவளுக்கும் பத்துதானே?"

கதவருகே நின்றிருந்த அவள் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பத்துதான்" என்றேன். "பத்துன்னே போடு."